தாமானுக்கு அடியில் ஒரு தோட்டம்

இந்த மாதப் பாடத்துக்கு ஒரே ஒரு கேள்வியோடு வாருங்கள். நீங்கள் இப்போது குடியிருக்கும் தாமான், தாமானாக ஆவதற்கு முன்னால் என்னவாக இருந்தது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்குப் பதில் பெரும்பாலும் மூன்று நான்குக்குள் முடிந்துவிடும். கித்தாத் தோட்டம், ஈய லம்பம், ரயில்வே நிலம், இல்லாவிட்டால் சதுப்பு. பெட்டாலிங் ஜெயாவை எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டத்தின் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எழுப்பிய ஊர் அது. 2006-இல் மாநகர் அந்தஸ்து பெற்றது. பிரிக்ஃபீல்ட்ஸ் பெயரிலேயே வரலாறு இருக்கிறது. 1881-இல் கோலாலம்பூரில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து பலகை, அத்தாப்புக் கட்டடங்களை அழித்த பிறகு, இனி செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்றார் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம். அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடம் அது. அப்புறம் ரயில்வே வந்தது, கூடவே நம்மவர்களும் வந்தார்கள். இன்று கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடத்தில் அன்று ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய தண்டவாள வெளி இருந்தது.

நான் சிவில் பொறியியல் படிக்கிறேன். எந்தக் கட்டடத்துக்கும் முதல் வேலை அந்த நிலத்தின் பழைய கதையைத் தேடுவதுதான் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பழைய லம்பமாக இருந்தால் அடியில் சேறு இருக்கும், பழைய ஓடையாக இருந்தால் தண்ணீர் திரும்பி வரும். மண்ணுக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அங்கே இருந்த மனுஷங்க எங்கே போனாங்க என்ற கேள்விக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் மதிப்பெண் இல்லை. அதனால்தான் அதை இங்கே எழுதுகிறேன்.

கோலாலம்பூரின் மேற்கு ஓரத்தில், பெட்டாலிங் ஜெயாவை ஒட்டி, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் இருக்கிறது. எல்லாரும் டிடிடிஐ என்றுதான் சொல்வார்கள். 1973-இல் காலமான துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயில் அப்துல் ரஹ்மானின் பெயர் வைத்த ஊர். மரநிழல் தெரு, பெரிய சந்தை, நடக்க மலைப்பாதை என்று நல்லா வேரூன்றிய வசதியான குடியிருப்பு. அதன் முதுகுப் பக்கம்தான் புக்கிட் கியாரா. அந்த மலையும் ஒரு காலத்தில் கித்தாத் தோட்டம். தோட்டம் என்றால் நமக்குத் தெரியும், லயம், பெரட்டு, ஆயாக் கொட்டாய், கோயில் எல்லாம் சேர்ந்த ஒரு முழு ஊர்.

அரசாங்கம் அந்தத் தோட்ட நிலத்தைப் பொது நோக்கத்துக்காகக் கையகப்படுத்தியது. இன்றைக்கு அந்த மலையைச் சுற்றி கோல்ப் திடல் இருக்கிறது, குதிரையேற்றக் கழகம் இருக்கிறது, இடுகாடு இருக்கிறது. அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்களை 1980-களின் தொடக்கத்தில் மலையடிவாரத்தில் ஒரு ரூமா பாஞ்சாங்கில் கொண்டுபோய் வைத்தார்கள். நிரந்தர வீடு கிடைக்கும் வரைக்கும் தற்காலிகமாக.

தற்காலிகக் கட்டடம் என்றால் எங்கள் துறையில் அதற்கு ஒரு பொருள் உண்டு. சில வருஷம் தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டுக் கட்டுவது. சுவர் மெலிசாக இருக்கும், கூரை தகரமாக இருக்கும். ஏறக்குறைய நூறு குடும்பங்கள் அந்தக் கணக்குக்குள் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைக்குக் கல்யாணமாகி, அந்தப் பிள்ளையின் பிள்ளையும் அதே தகரத்துக்கு அடியில் பாடம் படிக்கிற அளவுக்குத் 'தற்காலிகம்' நீண்டுவிட்டது.

அந்த வீடுகளுக்குப் பக்கத்தில் 25 ஏக்கரில் தாமான் ரிம்பா கியாரா என்ற பொதுப் பூங்கா. காலையில் டிடிடிஐ ஆட்கள் ஓடுவதும் நடப்பதும் அங்கேதான். 2017 ஜூலையில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் ஒரு மேம்பாட்டு அனுமதி கொடுத்தது. பூங்காவில் ஏறக்குறைய பாதி, சுமார் 12 ஏக்கர், கட்டுமானத்துக்குப் போகும். அதில் 29 மாடியில் ஒரு கட்டடம், 350 மலிவு விலை வீடுகள். ரூமா பாஞ்சாங் குடும்பங்களுக்கான வீடு இதற்குள் வரும். அதோடு 42 முதல் 54 மாடி வரை எட்டு கோபுரங்கள், 1,766 சொகுசு அடுக்குமாடி வீடுகள்.

இங்கே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், ஏன்னா இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். முகநூல் சண்டைகளில் இதை இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். ஒரு தரப்பு, "பணக்காரங்க தங்களோட ஜாகிங் பாதைக்காக ஏழைத் தமிழர் வீட்டைத் தடுக்கிறாங்க" என்றது. இன்னொரு தரப்பு, "நூறு குடும்பத்தோட பேரைச் சொல்லி கம்பெனி கோபுரம் கட்டுது" என்றது. டிடிடிஐ குடியிருப்பாளர்கள் வெளிப்படையாகச் சொன்ன நிலைப்பாடு வேறு: ரூமா பாஞ்சாங் மக்களுக்கு அவர்கள் இருக்கும் நிலத்திலேயே வீடு கட்டிக் கொடுங்கள், அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, பூங்காவில் கோபுரம்தான் வேண்டாம். ரூமா பாஞ்சாங் பக்கம் நின்று பார்த்தால் அதே வாக்கியம் வேறு மாதிரி கேட்கும். முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த பிறகு, முதல் தடவையாக அனுமதி எண்ணோடு ஒரு வீட்டுத் திட்டம் காகிதத்தில் வருகிறது. அதைத்தான் பக்கத்துத் தெருக்காரர் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகிறார்.

கணக்கைப் பார்ப்போம். 350-ம் 1,766-ம் கூட்டினால் 2,116 வீடுகள். 12 ஏக்கருக்கு வகுத்தால் ஏக்கருக்கு 176 வீடு. நம்ம ஊர் சாதாரண டெரஸ் வீட்டுத் தாமானில் ரோடு, லோங்காங், விளையாட்டு இடம் எல்லாம் போக ஏக்கருக்கு 15-லிருந்து 18 வீடுதான் நிற்கும். அதாவது பத்து மடங்கு. வீட்டுக்கு ஒரு கார் என்று குறைத்துப் போட்டாலும் காலை ஏழு மணிக்கு அந்த ஒற்றைச் சாலைக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தண்ணீர். புல்லும் மரமும் உள்ள நிலத்தில் பெய்யும் மழையில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் ஓடி வெளியேறும், மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். சிமெண்டும் தாரும் போட்ட நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஓடும். 12 ஏக்கர் என்பது ஏறக்குறைய 48,500 சதுர மீட்டர். நம்ம ஊரில் ஒரு சாயங்கால மழை 50 மில்லிமீட்டர் கொட்டுவது சகஜம். அப்படிக் கொட்டினால் அந்த நிலத்தில் விழுவது சுமார் 2,400 கன மீட்டர். பூங்காவாக இருந்தால் 850 கன மீட்டர் வெளியே வரும். முழுக்க மூடிவிட்டால் 2,180 கன மீட்டர் வரும். வித்தியாசத்தை மட்டும் பத்து கன மீட்டர் டாங்கி லாரியில் ஏற்றினால் 130 லாரிக்கு மேல். ஒரே மழையில்.

வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் விதிமுறைப்படி புதுக் கட்டுமானங்கள் அந்தக் கூடுதல் தண்ணீரைத் தேக்கி மெதுவாக விட வேண்டும். அதற்குத் தொட்டியோ குளமோ கட்டுவார்கள். கட்டினால் போதாது, வருஷா வருஷம் தூர் வாரவும் வேண்டும். தூர் வாருவதற்கு யாரும் ரிப்பன் வெட்டித் திறப்பு விழா நடத்துவதில்லை என்பதுதான் சிக்கல்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? புக்கிட் கியாராவிலிருந்து சுங்கை பென்சாலா வழியாக பெட்டாலிங் ஜெயாவுக்குள் இறங்கி, கிள்ளான் ஆற்றில் சேர்ந்து, ஷா ஆலமைத் தாண்டி எங்கள் ஊருக்கு வருகிறது. நான் இருப்பது கிள்ளான். மேட்டுத் தாமானின் பூங்கா பள்ளத்துத் தாமானின் பிரச்சினை என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பல இடங்களில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. கிள்ளான் ஆற்றங்கரையில் இருக்கும் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. கூரையில் ஏறி நின்றவர்கள், மாடி ஜன்னலிலிருந்து கைப்பேசி விளக்கைக் காட்டிக் கூப்பிட்டவர்கள், சொந்தப் படகைக் கொண்டுவந்து முன்பின் தெரியாதவர்களை ஏற்றிய இளைஞர்கள் எல்லாரையும் நாம் பார்த்தோம். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் சமைத்த சாப்பாடு பொட்டலம் பொட்டலமாகப் போனது. ஒரு பூங்காவை வைத்திருந்தால் அந்த மழையைத் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை, அது பொய்க்கணக்கு. ஆனால் ஆற்றின் மேல்பகுதியில் ஒவ்வொரு பன்னிரண்டு ஏக்கராக மூடிக்கொண்டே வந்தால் கூட்டுத்தொகை எங்கே வந்து நிற்கும் என்பது சரியான கணக்கு.

இப்போது வழக்குக்கு வருவோம். டிடிடிஐ-யின் அடுக்குமாடி நிர்வாக அமைப்புகளும் குடியிருப்பாளர்களும் 2017 ஆகஸ்டில் அனுமதியை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2018-இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். எதிர்த்தரப்பு மேலே போனது. 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லி, மேம்பாட்டு அனுமதி செல்லாது என்றது.

தீர்ப்பில் நாம் படிக்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, நகரின் கட்டமைப்புத் திட்டம் வெறும் வழிகாட்டிப் புத்தகம் அல்ல, டத்தோ பண்டாரைச் சட்டப்படி கட்டுப்படுத்துவது, அதிலிருந்து இஷ்டத்துக்கு விலக முடியாது. கோலாலம்பூரின் 2020 கட்டமைப்புத் திட்டம் 2004-லேயே அரசிதழில் வந்துவிட்டது. அதன் விவரமான வரைபடமான நகர்த் திட்டத்தின் வரைவு 2008-இல் மக்கள் பார்வைக்கு வந்தும், அரசிதழில் ஏற 2018 ஆனது. நடுவில் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் நகரத்தில் எத்தனை கோபுரம் எழும்பியது என்று நான் எண்ணப் போவதில்லை. இரண்டாவது, பக்கத்தில் வாழ்பவர்களிடம் கருத்துக் கேட்பது சடங்குக்காக அல்ல. கேட்டதை உண்மையிலேயே கருத்தில் கொள்ள வேண்டும், முடிவுக்குக் காரணமும் சொல்ல வேண்டும்.

நல்ல தீர்ப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றத்தால் ஓர் அனுமதியை ரத்து செய்ய முடியும், வீடு கட்ட முடியாது. தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் பூங்கா பூங்காவாகவே இருந்தது, ரூமா பாஞ்சாங்கும் ரூமா பாஞ்சாங்காகவே இருந்தது. வழக்கு கேட்ட கேள்வி 'இந்த அனுமதி சட்டப்படி சரியா' என்பது மட்டும்தான். 'நாற்பது வருஷமாகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு யார் பொறுப்பு' என்று கேட்க அந்த மனுவில் இடமே இல்லை. நூறு வீடு கட்ட இரண்டாயிரம் வீடு விற்றால்தான் முடியும் என்று ஆரம்பத்திலேயே முடிச்சுப் போட்டவர்கள்தான் இரண்டு அண்டை வீட்டாரை எதிரெதிரே நிறுத்தினார்கள் என்பது என் கருத்து.

சிலாங்கூரில் இருப்பவர்களுக்குச் சட்டம் கொஞ்சம் வேறு. கோலாலம்பூருக்கு 1982-இன் கூட்டரசுப் பிரதேசத் திட்டச் சட்டம், அதாவது சட்டம் 267. நமக்கு 1976-இன் நகர், கிராமத் திட்டச் சட்டம், சட்டம் 172. இதன்படி உள்ளூர்த் திட்டத்தின் வரைவை நகராண்மைக் கழகமோ மாநகர் மன்றமோ மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், நாம் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டட மேம்பாட்டுக்கு விண்ணப்பித்தால், 21-ஆம் பிரிவின்படி பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். ஆட்சேபிக்க 21 நாள். பக்கத்து நிலம் என்றால் ஒட்டிய நிலம், அல்லது 20 மீட்டருக்கு மேல் அகலம் இல்லாத சாலையோ சந்தோ லோங்காங்கோ நடுவில் உள்ள நிலம். முட்டுச்சந்தாக இருந்தால் 200 மீட்டர் வரைக்கும்.

இதில் ஒரு சொல்லில் நிறுத்துங்கள். அறிவிப்பு போவது பக்கத்து நிலத்தின் *உரிமையாளருக்கு*. கிராண்டில் பெயர் இருப்பவருக்கு. வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை, ரூமா பாஞ்சாங்கில் இருப்பவருக்கு இல்லை, லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கும் இல்லை. நம்ம சமூகத்தில் எத்தனை குடும்பம் அந்த ஒரு சொல்லுக்கு வெளியே நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். என் பாட்டி கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் கைமாறியதை அவர் தெரிந்துகொண்டது ஒரு நாள் காலைப் பெரட்டில், மண்டோர் வாயால். இருபத்தொரு நாள் இல்லை, இருபத்தொரு நிமிஷம்கூட இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் தினமும் மோனோரெயில் ஏறி இறங்குகிறவர்கள் ஜாலான் துன் சம்பந்தனில் நடக்கிறீர்கள். பலகையில் இருக்கும் அந்தப் பெயர் இந்த ஒரு சொல்லோடு சண்டை போட்ட மனிதருடையது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, தொழிலாளிகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப் பணம் கட்டி, எல்லாரும் சேர்ந்து தோட்டத்தையே வாங்குவது. சொந்தக்காரனாக ஆகிவிட்டால் யாரும் உன்னைக் கிளப்ப முடியாது என்ற எளிய யோசனை. அதில் நிறைகுறை பேசலாம், வேறொரு மாதம் பேசுவோம்.

அதே பிரிக்ஃபீல்ட்ஸில் விவேகானந்தா ஆசிரமம். 1904-இல் கட்டியது. 2014-இல் அந்த வளாகத்தில் 23 மாடி அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளியே தெரிந்ததும் பலத்த எதிர்ப்பு கிளம்பியது. 2016-இல் ஆசிரமக் கட்டடம் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் கீழ் அரசிதழில் ஏறியது. அந்தப் போராட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் கிராண்டில் பெயர் இல்லாதவர்கள். அங்கே படித்தவர்கள், பஜனைக்கு வந்தவர்கள், சும்மா அந்த வழியாக வேலைக்குப் போனவர்கள். சட்டம் உரிமையாளரை மட்டும் கேட்டாலும், ஊர் அதோடு நிற்பதில்லை.

ஆனால் இது ஒரு கட்டடத்துக்கு நடந்தது. ஒரு தாமானுக்கு நடக்குமா? உண்மையைச் சொன்னால், டிடிடிஐ-க்கு ஐந்தரை வருஷம் வழக்கு நடத்த முடிந்ததற்குக் காரணம் அவர்கள் முன்பே கூடியிருந்தார்கள். குடியிருப்பாளர் சங்கம் இருந்தது, அதில் ஆள் இருந்தது, கூட்டக் குறிப்பு இருந்தது, நிதி திரட்டத் தெரிந்திருந்தது. வசதி ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டக் குறிப்பு எழுதப் பணம் தேவையில்லையே. நம்ம ஆளுங்க கோயில் ஆண்டுக்கூட்டத்தில் நாற்காலி தூக்குகிற வேகத்தில் பாதி வேகத்தோடு தாமான் கூட்டத்துக்கு வந்தால் கதை வேறாக இருக்கும். ருக்குன் தெத்தாங்கா 1975-லிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. உங்கள் பகுதியில் அதன் தலைவர் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன், இரண்டு பேர் சொன்னார்கள். இரண்டு பேரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள்.

அதனால் இந்த மாதம் கிளைகளில் பேச்சுப்போட்டி வேண்டாம், வேலை செய்வோம். மூன்று மூன்று பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். முதல் குழு தாமானின் மூத்தவர்கள் நான்கு பேரிடம் போய், இங்கே முன்னால் என்ன இருந்தது, யார் இருந்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பாட்டிகளிடம் கேட்கும்போது தோட்டத்தின் பெயரை அவர்கள் சொல்லுகிறபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். தோட்டத்துக்கு ஆங்கிலேயன் வைத்த பெயர் ஒன்று, நம்ம ஆட்கள் வைத்த பெயர் இன்னொன்று, பழைய வரைபடத்தோடு ஒப்பிட இரண்டும் தேவைப்படும். இரண்டாவது குழு லோங்காங்கைப் பின்தொடர்ந்து நடங்கள். உங்கள் வீட்டு வாசல் தண்ணீர் எந்த ஆற்றில் சேர்கிறது என்று கண்டுபிடியுங்கள். மழை நேரத்தில் போகாதீர்கள், பெரிய மோன்சூன் டிரேனில் யாரும் இறங்கவே கூடாது. மூன்றாவது குழு நகராண்மைக் கழகத்தின் திட்ட இலாகா முகப்பிடத்துக்குப் போய், உங்கள் பகுதியின் உள்ளூர்த் திட்ட வரைபடத்தைப் பார்க்கக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது பொது ஆவணம். விளையாட்டுத் திடல், கோயில் நிலம், காலி மனை ஒவ்வொன்றும் வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு விளக்கம் பக்கத்திலேயே இருக்கும்.

குறிப்பாகக் கோயில் நிலம். திடல் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது வரைபடத்தில் வணிகமாகவும், நூறு வருஷக் கோயில் என்று நினைப்பது வெறும் சாலை ஒதுக்கீட்டு நிலமாகவும் இருக்கக்கூடும். அப்படி இருந்தால் உங்கள் கிளைக் கூட்டத்தில் மட்டும் பேசிவிட்டு விடாதீர்கள். கோயில் நிர்வாகத்தையும் குடியிருப்பாளர் சங்கத்தையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வாடகைக்கு இருப்பவர்களையும் பின்பக்க பிளாட்டில் இருப்பவர்களையும் கூப்பிடுங்கள், அவர்களுக்குத் தனியாகக் கடுதாசி வராது.

மூன்று குழுவின் குறிப்புகளையும் ஒரே நோட்டில் ஒட்டி, தேதி போட்டு, கிளைச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த மாத வகுப்புக்கு அந்த நோட்டைக் கையோடு எடுத்து வாருங்கள், வரைபடத்தை வாசிப்பது எப்படி என்று உட்கார்ந்து பார்ப்போம்.